பழைய போஸ்ட்கிரெஸிலிருந்து புதியதற்கு: டேட்டா சிங்க்கும் நடுவில் டிபக்கர் படுத்தும் பாடும்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் 13-வது பதிப்புக்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது. அதிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் இன்னும் நிறைய. மாற்ற வேண்டும் என்று முடிவானதும் வேலை டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ-விடம் போவதில்லை, ஏனென்றால் பல இடங்களில் டிபிஏ என்று ஒருவர் கிடையாது. "ஆப்பை எழுதினது நீதானே, நீயே பாத்துக்கோ" என்று டெவலப்பர் தலையில் வந்து விழும். அப்படி விழுந்து, நாங்கள் முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

பழைய சர்வரில் 13, புதிய சர்வரில் 17. நடுவில் லாஜிக்கல் ரெப்ளிகேஷன், அதாவது பழையதில் நடக்கும் மாற்றங்களைப் புதியதற்குத் தொடர்ந்து அனுப்பும் வசதி. சில டேபிள்களை வடிவம் மாற்றிக் கொண்டுபோக ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். அதில் தப்பு தேட, அதாவது டிபக் செய்ய, விஎஸ் கோடும், டேட்டாபேஸ் ஃபங்ஷன்களுக்கு பிஜிஅட்மினும். உங்கள் நிலைமையும் ஏறக்குறைய இதுதான் என்றால் மேலே படியுங்கள். இரவில் நான்கைந்து மணி நேரம் ஆப்பை நிறுத்த அனுமதி கிடைக்குமென்றால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். பிஜி டம்ப்பால் முழு நகல் எடுத்து, புதியதில் ரீஸ்டோர் செய்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிங்க் (பழையதிலிருந்து புதியதற்கு டேட்டா போவது) தொங்குவதும் பிரேக்பாயிண்ட் (கோடை ஒரு வரியில் நிறுத்த டிபக்கரில் வைக்கும் புள்ளி) நிற்காமல் போவதும் தனித்தனிச் சிக்கல்கள் என்று நினைத்துத் தேடினால் நாள் வீணாகும். பாதி நேரம் ஒன்றுக்கு இன்னொன்றுதான் காரணம். 6-வது, 7-வது படிகளை நீளமாக எழுதியிருப்பது அதனால்தான்.

செட்டிங் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கன்ஃபிக் ஃபைலில் ஆங்கில எழுத்தில், இடைவெளிக்குப் பதில் அண்டர்ஸ்கோர் போட்டு அடியுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு சர்வரிலும் சூப்பர்யூசர் லாகின், அல்லது அதற்கு இணையான உரிமை. பழைய சர்வரை ரீஸ்டார்ட் செய்ய எழுத்துப்பூர்வமான அனுமதி. வாய் வார்த்தை போதாது, "யார் நிறுத்தச் சொன்னது?" என்று காலையில் கேட்கும்போது மெயில்தான் பேசும். புதிய சர்வரிலிருந்து பழைய சர்வரின் 5432 போர்ட்டுக்கு ஃபயர்வால் திறக்கும் கோரிக்கை. திசையைக் கவனியுங்கள். இழுப்பது புதியது, எனவே இணைப்பு புதியதிலிருந்து பழையதற்குப் போகிறது. நெட்வொர்க் டீமுக்கு இதைத் தலைகீழாக எழுதிக் கொடுத்தால் ஒரு சுற்று வீணாகும்.

பிறகு நான்கு பட்டியல்கள்: எக்ஸ்டென்ஷன்கள் (டேட்டாபேஸில் சேர்த்த கூடுதல் வசதிகள்), சீக்வென்ஸ்கள் (அடுத்த ஐடி எண்ணைத் தருபவை), பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் பத்தி) இல்லாத டேபிள்கள், லார்ஜ் ஆப்ஜெக்ட் (டேபிளுக்கு வெளியே தனியாக வைக்கும் பெரிய டேட்டா) பயன்படுத்தும் இடங்கள். கடைசியது இருந்தால் எச்சரிக்கை, லாஜிக்கல் ரெப்ளிகேஷன் லார்ஜ் ஆப்ஜெக்ட்களைக் கொண்டுபோகாது. அவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

டேட்டாபேஸின் என்கோடிங்கையும் இப்போதே பாருங்கள். பழையது எஸ்கியூஎல் ஆஸ்கி என்று இருந்து, அதில் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் அடித்த தமிழ்ப் பெயர்கள் கிடந்தால், யூடிஎஃப்-8 ஆன புதிய சர்வரில் முதல் காப்பியே "செல்லாத பைட்" என்று சொல்லி நின்றுவிடும். பாமினி ஃபான்ட்டில் அடித்தது இன்னும் மோசம். அது வெறும் ஆங்கில எழுத்துகளாக இருப்பதால் எந்த எரரும் வராமல் அப்படியே புதிய சர்வருக்குப் போய்விடும். திரையில் பார்க்கும்போதுதான் தெரியும். இரண்டையும் சிங்க் தொடங்கும் முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

2. செலவும் நேரமும்

போஸ்ட்கிரெஸுக்கு லைசென்ஸ் செலவு இல்லை. செலவு வருவது இரண்டு சர்வர்களும் ஒரே நேரத்தில் ஓடும் நாட்களில். ஒரு மாதத்துக்கு இரட்டை வாடகை என்று பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். வேலை சீக்கிரம் முடிந்தால் மிச்சம். கிளவுட் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதை மேலாளரிடம் சொல்லும் தொகையில் சேர்த்தே சொல்லுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் டேட்டா வருவதற்குக் கட்டணமில்லை. ஆனால் ஒரே ரீஜனில் இரண்டு அவெய்லபிலிட்டி ஸோன்களுக்கு இடையே போனால் ஒரு ஜிபிக்கு இரு பக்கமும் 0.01 டாலர் வீதம் விழும். கிளவுடிலிருந்து வெளியே எடுப்பது இதைவிடப் பல மடங்கு விலை.

நேரத்தைக் கணக்குப் போட்டே சொல்லலாம். 100 ஜிபி டேட்டா, 100 எம்பிபிஎஸ் லைன் என்றால் ஏட்டுக் கணக்குப்படி 8,000 நொடி, அதாவது 2 மணி 13 நிமிடம். நடைமுறையில் இன்டெக்ஸ் கட்டும் நேரமும் சேரும், அலுவலக நேரத்தில் லைனை மற்றவர்களும் பயன்படுத்துவார்கள். இரண்டு, மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

தேதி தேர்வு: கணக்கு, பில்லிங் சம்பந்தப்பட்ட ஆப் என்றால் மாதத்தின் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு. அந்த வாரங்களைத் தொடாதீர்கள்.

3. பழைய சர்வரைத் தயார் செய்தல்

வால் என்பது டேட்டாபேஸ் தன் மாற்றங்களை எழுதிவைக்கும் பதிவு. வால் லெவல் என்ற செட்டிங் இயல்பில் ரெப்ளிகா என்று இருக்கும். அதை லாஜிக்கல் என்று மாற்ற வேண்டும். ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். ஏடபிள்யூஎஸ் ஆர்டிஎஸ்ஸில் இதையே ஆர்டிஎஸ் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் என்ற பாராமீட்டரை 1 ஆக்கிச் செய்கிறோம். அங்கும் ரீபூட் உண்டு.

ரீஸ்டார்ட் ஒருமுறைதான் கிடைக்கும் என்று நினைத்து, அதற்குத் தேவையான எல்லாவற்றையும் அதிலேயே முடித்துவிடுங்கள். லிஸன் அட்ரஸஸில் வெளி ஐபி இருக்கிறதா? மேக்ஸ் ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸும் மேக்ஸ் வால் செண்டர்ஸும் இயல்பில் 10. (ஸ்லாட் என்பது புதிய சர்வர் எதுவரை வாங்கியது என்று பழையது வைத்திருக்கும் குறிப்பு.) முதல் காப்பி நடக்கும்போது டேபிளுக்கு ஒன்றாகத் தற்காலிக ஸ்லாட்களும் பிறந்து மறையும் என்பதால் 20 வைத்துக்கொள்ளலாம். டேட்டாபேஸ் ஃபங்ஷன்களை ஸ்டெப் ஸ்டெப்பாக டிபக் செய்யும் எண்ணமிருந்தால் அதற்கான பிளக்இன்னுக்கும் ரீஸ்டார்ட் வேண்டும். ஆனால் லைவ் சர்வரில் அதை ஏற்றாதீர்கள். காரணம் 7-வது படியில்.

ரெப்ளிகேஷனுக்கென்று தனி யூசர் ஒன்று உருவாக்குங்கள். ரெப்ளிகேஷன் உரிமை மட்டும் கொடுத்தால் ஸ்லாட் உருவாகும், முதல் காப்பி "அனுமதி இல்லை" என்று நிற்கும். டேபிள்களில் செலக்ட் உரிமையும் ஸ்கீமாவில் யூசேஜ் உரிமையும் சேர்த்துக் கொடுங்கள்.

யார், எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி எச்பிஏ ஃபைலில் ஒரு பொறி இருக்கிறது. டேட்டாபேஸ் என்ற இடத்தில் "ரெப்ளிகேஷன்" என்று எழுதும் வரி பிசிக்கல் ரெப்ளிகேஷனுக்கானது. லாஜிக்கலுக்கு அந்த வரி பொருந்தாது. உங்கள் டேட்டாபேஸின் பெயரையே எழுத வேண்டும். மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரிதான் செல்லும் என்பதால் புதிய வரியை ஃபைலின் கடைசியில் ஒட்டிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடாதீர்கள். இதற்கு ரீலோட் போதும்.

4. பிரைமரி கீ இல்லாத டேபிள்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் அடி வாங்குவது லைவ் ஆப். பிரைமரி கீ இல்லாத ஒரு டேபிளைப் பப்ளிகேஷனில் (பழைய சர்வர் அனுப்பும் டேபிள்களின் பட்டியலில்) சேர்த்த அந்த நொடியிலிருந்து, பழைய சர்வரில் அந்த டேபிளின் மீது வரும் அப்டேட்டும் டெலீட்டும் எரர் ஆகும். "ரெப்ளிகா ஐடென்டிட்டி இல்லை" என்று சொல்லும், அதாவது எந்த வரி என்று அடையாளம் காட்ட வழியில்லை. இன்சர்ட் மட்டும் போய்க்கொண்டிருப்பதால் ஆப் பாதி வேலை செய்வதுபோலத் தெரியும். "எல்லா டேபிள்களும்" என்று ஒரே வரியில் பப்ளிகேஷன் உருவாக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி இறங்குபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

சரியான வழி பிரைமரி கீ சேர்ப்பது. நல் அனுமதிக்காத யூனிக் இன்டெக்ஸ் இருந்தால் அதையே ரெப்ளிகா ஐடென்டிட்டியாகக் காட்டலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால் ரெப்ளிகா ஐடென்டிட்டி ஃபுல், அதாவது முழு வரியையே அடையாளமாக்குவது. 16-க்கு முந்தைய பதிப்பு வாங்கும் பக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் டேபிள் முழுவதையும் படிக்கும். 17-ல் வேறு பொருத்தமான இன்டெக்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் டேபிள்களுக்கு ஃபுல் பரவாயில்லை. ஆர்டர், பேமென்ட் டேபிள்களுக்கு வேண்டாம்.

இது முடிந்த பிறகு பப்ளிகேஷன் உருவாக்குங்கள். டேபிள்களைப் பெயர் சொல்லிச் சேர்ப்பதே எனக்குப் பிடித்த முறை.

5. புதிய சர்வரில் ஸ்கீமா

டேபிள் அமைப்பு தானாக வராது. பிஜி டம்ப்பை ஸ்கீமா மட்டும் என்ற விருப்பத்தோடு எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும். 17-ன் பிஜி டம்ப்பைக் கொண்டு 13-ஐ டம்ப் எடுங்கள், பழைய டம்ப் வேண்டாம். நோ பப்ளிகேஷன்ஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்தால் பப்ளிகேஷன் தேவையில்லாமல் கூடவே வராது. பெரிய டேபிள்களில் பிரைமரி கீ தவிர்த்த இன்டெக்ஸ்களை எடுத்துவிட்டு, முதல் காப்பி முடிந்ததும் கட்டிக்கொண்டால் நேரம் நன்றாகக் குறையும்.

ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொன்றின் வரியைச் சுட்டுவது) இருப்பதால் எந்த டேபிள் முதலில் என்று வரிசை போட வேண்டுமோ என்று குழம்ப வேண்டாம். ரெப்ளிகேஷன் வழியாக வரும் வரிகளுக்கு ஃபாரின் கீ சோதனை நடக்காது.

யூசர்களை பிஜி டம்ப் ஆலின் ரோல்ஸ் ஒன்லி விருப்பத்தில் எடுப்பீர்கள். பாஸ்வேர்டுகள் எம்டி5 வடிவத்தில் அப்படியே வரும், ஏனென்றால் 13-ல் அதுதான் இயல்பு. புதிய சர்வரின் எச்பிஏ ஃபைலில் ஸ்க்ராம் (எம்டி5-க்குப் பின் வந்த பாஸ்வேர்ட் முறை) என்று இருந்தால் அந்த யூசர்கள் யாராலும் உள்ளே நுழைய முடியாது. சிங்க் எல்லாம் ஒழுங்காக நடந்து, மாற்றும் இரவில் ஆப் மட்டும் "பாஸ்வேர்ட் தவறு" என்று நிற்கும். புதிய சர்வரில் ஒவ்வொரு ஆப் யூசருக்கும் பாஸ்வேர்டை மறுபடி செட் செய்து, லாகின் செய்து பார்த்துவிடுங்கள்.

6. சப்ஸ்கிரிப்ஷன் தொங்குகிறதா? முதலில் டிபக்கரைப் பாருங்கள்

பழையதன் பப்ளிகேஷனை வாங்கிக்கொள்ள, புதிய சர்வரில் கிரியேட் சப்ஸ்கிரிப்ஷன் கொடுக்கிறீர்கள். டிபீவர் போன்ற டூலில் ஆட்டோ கமிட் அணைந்திருந்தால் டிரான்ஸாக்ஷனுக்குள் (கமிட் வரும்வரை முடியாத வேலைத் தொகுப்புக்குள்) இதை ஓட்ட முடியாது என்று உடனே எரர் வரும். பிஎஸ்கியூஎல்லில் ஓட்டுவது நல்லது. அதைத் தாண்டினால் இரண்டில் ஒன்று நடக்கும்: சில நொடிகளில் முடியும், அல்லது எந்த எரரும் இல்லாமல் அப்படியே நிற்கும்.

நிற்கும்போது எல்லோரும் ஃபயர்வாலைத்தான் சந்தேகிக்கிறார்கள். இணைப்பே கிடைக்காவிட்டால் எப்படியும் கொஞ்ச நேரத்தில் எரர் வந்துவிடும். எரரே வராமல் நிற்கிறது என்றால் பழைய சர்வரின் லாகைத் திறந்து பாருங்கள். "லாஜிக்கல் டிகோடிங் ஃபவுண்ட் இனிஷியல் ஸ்டார்ட்டிங் பாயிண்ட்" என்று ஒரு வரியும், அதன் கீழே சில டிரான்ஸாக்ஷன்கள் முடியக் காத்திருப்பதாக இன்னொரு வரியும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

நடப்பது இதுதான். ஸ்லாட் உருவாக வேண்டுமானால், அந்த நேரத்தில் எதையாவது எழுதிவிட்டு முடிக்காமல் இருக்கும் டிரான்ஸாக்ஷன்கள் அத்தனையும் முடிய வேண்டும். ஒன்று பாக்கி இருந்தாலும் காத்திருக்கும். அந்த ஒன்று யாருடையது? பல நேரம், விஎஸ் கோடில் பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவருடையது.

பைத்தானில் சைகாப்ஜி2 பயன்படுத்தினால் முதல் எக்ஸிக்யூட்டிலேயே டிரான்ஸாக்ஷன் தானாகத் திறந்துகொள்ளும். நாம் எங்கும் பிகின் எழுதியிருக்க மாட்டோம். ஒரு அப்டேட் ஓடி, அடுத்த வரியில் பிரேக்பாயிண்டில் நின்றால், கமிட் வரும்வரை அது திறந்தே கிடக்கும். பழைய சர்வரில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் பாருங்கள். ஸ்டேட் என்ற பத்தியில் ஐடில் இன் டிரான்ஸாக்ஷன், பேக்எண்ட் எக்ஸ்ஐடி பத்தியில் ஒரு எண், எக்ஸாக்ட் ஸ்டார்ட் பத்தியில் காலை நேரம் என்று ஒரு வரி இருந்தால் அதுதான் ஆள். பேக்எண்ட் எக்ஸ்ஐடி காலியாக இருந்தால் அது வெறும் செலக்ட். ஸ்லாட் அதற்காகக் காத்திருக்காது.

இதில் இன்னொரு நுணுக்கம். பிஜிஅட்மின் டிபக்கரில் ஒரு ஃபங்ஷனுக்குள் நிற்கும் செஷன் ஐடில் என்று காட்டாது, ஆக்டிவ் என்றே காட்டும். ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருப்பதாகத்தானே சர்வருக்கு அர்த்தம். எனவே ஐடில் இன் டிரான்ஸாக்ஷன் செஷன் டைம்அவுட் வைத்திருந்தாலும் அது தப்பித்துவிடும். ஸ்டேட்டை நம்பாமல் எக்ஸாக்ட் ஸ்டார்ட்டை வைத்து, பழையது மேலே வருமாறு வரிசைப்படுத்திப் பாருங்கள்.

அங்கே எதுவும் சிக்கவில்லை என்றால் பிஜி பிரிப்பேர்டு எக்ஸாக்ட்ஸையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். டூ ஃபேஸ் கமிட்டில் அநாதையாகக் கிடக்கும் டிரான்ஸாக்ஷன்கள் அங்கே இருக்கும்.

ஆள் கிடைத்ததும் முதலில் போன் செய்து கேளுங்கள். பதில் இல்லையென்றால் பிஜி டெர்மினேட் பேக்எண்ட். அடுத்த நொடி சப்ஸ்கிரிப்ஷன் நகரும்.

இது தொடங்கும்போது மட்டும் வரும் சிக்கலும் அல்ல. முதல் காப்பியில் ஒவ்வொரு டேபிளும் தனக்கென்று ஒரு ஸ்லாட் கேட்கும். 40 டேபிளில் 25 முடிந்து 26-வது நிற்கிறது என்றால் மறுபடியும் இதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும். காப்பி முடியும்வரை லைவ் டேட்டாபேஸோடு டிபக்கர் இணைக்கக் கூடாது என்று டீம் குழுவில் எழுதிப் போடுங்கள். இணைத்தே ஆக வேண்டுமென்றால் கனெக்ஷனில் ஆட்டோ கமிட்டை ஆன் செய்யுங்கள், அல்லது பிரேக்பாயிண்டுக்குப் பதில் லாக்பாயிண்ட் வையுங்கள். வரி எண்ணின் இடப்பக்கம் ரைட் கிளிக் செய்தால் வரும். நிற்காமல் மதிப்பை மட்டும் கன்ஸோலில் எழுதிவிட்டுப் போகும்.

7. பிரேக்பாயிண்ட் நிற்கவே மாட்டேன் என்கிறதா?

விஎஸ் கோடில் சிவப்புப் புள்ளி சாம்பல் நிற வளையமாக மாறிவிட்டால், அந்த ஃபைலை டிபக்கர் அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். கீழே தெரியும் பைத்தான் இன்டர்பிரெட்டர் நீங்கள் நினைக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்தானா என்று பாருங்கள். ஸ்கிரிப்ட் டாக்கருக்குள் ஓடினால் லாஞ்ச் ஜேசானில் பாத் மேப்பிங்ஸ் வேண்டும். உள்ளே இருக்கும் ஃபோல்டரும் வெளியே இருக்கும் ஃபோல்டரும் வேறு வேறு. நூலகத்தின் கோடுக்குள் புக வேண்டுமென்றால் ஜஸ்ட் மை கோட் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், இயல்பில் அது ட்ரூ. இவையெல்லாம் சரி, ஆனாலும் நிற்கவில்லை என்றால் ஓடுவது நீங்கள் தொடங்கிய புராசஸே அல்ல, குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரான் தொடங்கியதாக இருக்கலாம். புராசஸ் ஐடியை லாகில் எழுதவைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ரிமோட்டில் அட்டாச் செய்பவர்கள் டிபக்பை கேட்கும் போர்ட்டை (வழக்கமாக 5678) எல்லா ஐபிக்கும் திறந்துவிடுகிறார்கள். அந்தப் போர்ட்டுக்குள் வருபவர் உங்கள் சர்வரில் எந்தக் கோடையும் ஓட்டலாம். லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கவைத்து எஸ்எஸ்எச் டனல் போடுங்கள்.

வாட்ச் விண்டோவில் கவனம் தேவை. அங்கே கர்சரின் ஃபெட்ச் ஒன்-ஐ எழுதி வைத்தால், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் அது நிஜமாகவே ஓடி ஒரு வரியை எடுத்துவிடும். ஸ்கிரிப்டுக்கு அந்த வரி கிடைக்காது. டிபக்கர் இல்லாமல் ஓட்டினால் எண்ணிக்கை சரி, டிபக்கரோடு ஓட்டினால் பழையதைவிடப் புதியதில் வரிகள் குறைவு என்று வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இனி டேட்டாபேஸ் ஃபங்ஷன்கள். பிஜிஅட்மினில் டிபக் செய்ய மூன்று தேவை: சர்வரில் பிஎல் டிபக்கர் பேக்கேஜ், ஷேர்டு ப்ரிலோட் லைப்ரரீஸில் பிளக்இன் டிபக்கர், அந்தக் குறிப்பிட்ட டேட்டாபேஸில் பிஎல்டிபிஜிஏபிஐ எக்ஸ்டென்ஷன். கடைசியதை வேறு டேட்டாபேஸில் உருவாக்கிவிட்டுத் தேடுபவர்கள் அதிகம். டேபிளில் மாற்றம் வந்ததும் தானே ஓடும் டிரிக்கர் ஃபங்ஷனை நேரடியாக டிபக் செய்ய முடியாது. செட் பிரேக்பாயிண்ட் என்று வைத்துவிட்டு, இன்னொரு விண்டோவிலிருந்து இன்சர்ட் ஓட்ட வேண்டும். அந்த பிரேக்பாயிண்ட் உங்கள் செஷனுக்கு மட்டுமானது அல்ல. அந்த ஃபங்ஷனை எந்த செஷன் கூப்பிட்டாலும் பிடித்து நிறுத்தும், வாடிக்கையாளருடையதையும். லைவில் பிளக்இன் ஏற்றாதீர்கள் என்று 3-வது படியில் சொன்னது இதற்காகத்தான்.

புதிய சர்வரில் டிரிக்கர் மீது பிரேக்பாயிண்ட் வைத்திருக்கிறீர்கள், வரிகள் வந்து குவிகின்றன, ஒருமுறைகூட நிற்கவில்லை. டிபக்கர் மீது பழி போடாதீர்கள். ரெப்ளிகேஷன் வழியாக வரும் வரிகளுக்குச் சாதாரண டிரிக்கர்கள் ஓடவே ஓடாது. ஓட வேண்டுமென்றால் ஆல்ட்டர் டேபிளில் எனேபிள் ரெப்ளிகா டிரிக்கர் அல்லது எனேபிள் ஆல்வேஸ் டிரிக்கர் என்று மாற்ற வேண்டும். மாற்றும் முன் யோசியுங்கள்: டிரிக்கர் நிரப்பும் ஹிஸ்டரி டேபிளும் ரெப்ளிகேஷனில் வருகிறதென்றால் எல்லாம் இரண்டிரண்டாகப் பதியும். பெரும்பாலும் ஓடாமல் விடுவதே சரி. ஓடவைத்தே ஆக வேண்டிய இடத்தில் பிரேக்பாயிண்டை மறந்துவிட்டு, ஃபங்ஷனுக்குள் ரெய்ஸ் லாக் போட்டு சர்வர் லாகில் படியுங்கள்.

8. ஸ்லாட் டிஸ்க்கைத் தின்னும்

ஸ்லாட் என்பது அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டு மாதிரி. வாங்கியாயிற்று என்று புதிய சர்வர் சொல்லும்வரை பழைய சர்வர் எதையும் கிழித்துப் போடாது. புதிய சர்வர் இரவில் அணைந்துவிட்டால் வால் ஃபைல்கள் சேர்ந்துகொண்டே போகும், டிஸ்க் நிறைந்தால் பழைய சர்வர், அதாவது லைவ், விழும். சப்ஸ்கிரிப்ஷனை டிஸேபிள் செய்தாலும் ஸ்லாட் இருக்கத்தான் செய்யும். வெள்ளிக்கிழமை மாலை டிஸேபிள் செய்துவிட்டு திங்கட்கிழமை வருவது ஆபத்து.

போஸ்ட்கிரெஸ் 13-ல் வந்த மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் என்ற செட்டிங் இயல்பில் மைனஸ் 1, எல்லையே இல்லை. டிஸ்க்கில் காலியாக இருப்பதில் பாதியை எல்லையாக வையுங்கள், ரீலோட் போதும். எல்லையைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகி முதலிலிருந்து காப்பி செய்ய வேண்டி வரும். லைவ் விழுவதைவிட அது தேவலை.

9. நடுவில் நின்றால்

பெரும்பாலும் இரண்டே காரணம். யாரோ புதிய சர்வரில் சோதனைக்கு ஒரு வரி போட்டிருப்பார்கள், அதே ஐடி பழையதிலிருந்து வரும்போது டூப்ளிகேட் கீ. அல்லது பழையதில் மட்டும் டேபிளில் ஒரு பத்தி சேர்த்திருப்பார்கள். வரிகளைப் பதியும் ஒர்க்கர் விழுந்து எழுந்து அதே எரரையே திரும்பத் திரும்ப லாகில் எழுதும். முதலாவதற்கு புதியதில் அந்த வரியை நீக்கினால் தானே நகரும். இரண்டாவதற்கு அந்தப் பத்தியைப் புதியதிலும் சேர்க்க வேண்டும். பத்தி சேர்க்கும் வேலை வந்தால் எப்போதும் புதியதில் முதலில், பழையதில் பிறகு.

ஆல்ட்டர் சப்ஸ்கிரிப்ஷன் ஸ்கிப் என்று ஒரு குறுக்கு வழி உண்டு. அது அந்த ஒரு வரியை மட்டும் தாண்டாது, அந்த டிரான்ஸாக்ஷன் முழுவதையும் தாண்டும். அதில் என்னென்ன இருந்தது என்று தெரியாமல் தொடாதீர்கள்.

பப்ளிகேஷனில் புதிய டேபிள் சேர்த்தால் சப்ஸ்கிரிப்ஷனில் ரெஃப்ரெஷ் பப்ளிகேஷன் ஓட்டாதவரை அது வராது.

10. சரிபார்த்தல்

வரி எண்ணிக்கை முதல் சோதனை, ஆனால் போதாது. ஐடி வரிசையில் ஒரு லட்சம் ஒரு லட்சமாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எம்டி5 (டேட்டாவின் சுருக்க அடையாளம்) எடுத்து இரு பக்கமும் ஒப்பிடுங்கள். இரு செஷனிலும் டைம்ஸோன் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று ஆசியா கொல்கத்தா, இன்னொன்று யூடிசி என்றிருந்தால் டேட்டா சரியாக இருந்தும் ஒரு துண்டுகூடப் பொருந்தாது. ஆர்டர் பை எழுத்துப் பத்தியில் வேண்டாம், இரண்டு ஓஎஸ்ஸும் வேறு வரிசையில் அடுக்கலாம்.

11. மாற்றும் இரவு

ஆப்பை நிறுத்துங்கள். கிரான் வேலைகளையும் நிறுத்துங்கள், அவை மறந்துபோகும். எல்எஸ்என் என்பது வாலில் எந்த இடம் என்று காட்டும் எண். பழையதில் பிஜி கரண்ட் வால் எல்எஸ்என் என்ன சொல்கிறதோ, ஸ்லாட்டின் கன்ஃபர்ம்டு ஃப்ளஷ் எல்எஸ்என் அதை எட்டும்வரை காத்திருங்கள்.

பிறகு சீக்வென்ஸ்கள். இவற்றின் மதிப்பு ரெப்ளிகேஷனில் வராது. புதியதில் எல்லாமே தொடக்க எண்ணிலேயே நிற்கும். பழையதில் உள்ள மதிப்பை எடுத்து, 1,000 கூட்டி செட்வால் செய்யுங்கள். மறந்தால் ஆப் போடும் முதல் இன்சர்ட்டே டூப்ளிகேட் கீ. எடுத்துவைத்த இன்டெக்ஸ்களைக் கட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டு அனலைஸ் ஓட்டுங்கள், இல்லையென்றால் காலையில் "புது சர்வர் ஸ்லோ" என்று பெயர் வாங்கும்.

கனெக்ஷன் மாற்றி, ஆப்பை எழுப்பி, ஒரு பில் போட்டுப் பாருங்கள். சரியென்றால் புதியதில் டிராப் சப்ஸ்கிரிப்ஷன். இதைப் பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும், ஏனென்றால் ஸ்லாட்டை நீக்க அது பழையதைத் தொடர்புகொள்ளும். பழையதை அணைத்துவிட்டவர்கள் முதலில் சப்ஸ்கிரிப்ஷனை டிஸேபிள் செய்து, ஸ்லாட் நேமை நன் ஆக்கி, பிறகு டிராப் செய்யலாம். பழைய சர்வரைத் திரும்ப ஆன் செய்து கொஞ்ச நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அதில் பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸைத் திறந்து, மிச்சமிருக்கும் ஸ்லாட்டைக் கையால் நீக்கிவிடுங்கள்.